ஜாதியைக் காப்பது எது?

ஒரே தோட்டத்தில் குடியிருந்து, ஒரே பெரட்டில் நின்று, அடுத்தடுத்த நிரைகளில் பால்மரம் வெட்டி வாழ்ந்த இரு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் மறு வீட்டில் அடுப்பு எரியாது. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். ஆயினும் ஒரு வீட்டுப் பெண்ணை மறு வீட்டுப் பிள்ளைக்குப் பேசலாமே என்று எவரேனும் சொல்லிவிட்டால், அதுகாறும் எவர் நினைவிலும் இல்லாத ஒரு கேள்வி திடீரென எழும்: “அவர்கள் எந்த ஆட்கள்?” உழைப்பிலும் துயரிலும் தோன்றாத வேற்றுமை மணத்தில் மட்டும் தோன்றுவானேன்? மனித உறவுகளை ஆராயும் சமூக சாஸ்திரம் இதற்கு என்ன விடை தருகிறது என்று காண்போம்.

ஜாதிக்குக் காரணம் கூறப் புகுந்தோர் பலர். 1885-ல் நெஸ்பீல்டு என்பார் வட இந்திய ஜாதிகளை ஆராய்ந்து, தொழிலே ஜாதிக்கு மூலம் என்றார். 1901-ஆம் ஆண்டு ஜனக் கணக்கை நடத்திய ரிஸ்லி என்பாரோ இரத்தமே மூலம் என்றார். மக்களின் மூக்கை அளந்து, அதன் அகலம் குறையக் குறைய ஜாதியின் உயர்வு கூடுகிறது என்று ஒரு விதியும் வகுத்தார். 1932-ல் கூரியே என்னும் இந்திய அறிஞர் அவ்வளவைகளையே சோதித்து, வட இந்தியாவின் ஒரு பகுதிக்கு வெளியே அவ்விதி செல்லாதென்று காட்டினார். தொழிற் கொள்கைக்கோ நம் தோட்டங்களே தக்க மறுப்பு. பல ஜாதியாரும் கடல் கடந்து வந்து ஒரே கத்தியைக் கையில் ஏந்தினர், தொழில் ஒன்றாயிற்று, ஜாதி ஒன்றாகவில்லை. தொழிலே வேராயின், வேர் அறுந்த பின்னும் மரம் தழைப்பது எங்ஙனம்?

எஞ்சி நிற்பது மனுவின் மீது பழி போடும் விடை. சீர்திருத்தம் பேசும் நம்மவரிற் பலருக்கு இதுவே உவப்பானது. இவ்விடையும் போதாது என்று கூறியவர், ஜாதிக் கொடுமையைத் தம் உடலிலும் உள்ளத்திலும் அனுபவித்த ஒருவர் என்பதே வியப்பு. 1916-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலையில், இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்திய ஜாதிகளைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தார். அவரே பின்னாளில் டாக்டர் அம்பேத்கர் என உலகறிய விளங்கியவர். தனி மனிதன் எவ்வளவு வல்லவனாயினும், ஒரு தேசம் முழுவதன் நடத்தையையும் எழுத்தாணியால் உண்டாக்க இயலாது. நடைமுறையில் இருந்ததையே மனு தொகுத்துச் சட்டமாக்கினான் என்பது அவர் வாதம்.

அங்ஙனமாயின் ஜாதியின் உயிர்நிலை யாது? அகமணம், அதாவது தன் கூட்டத்துக்குள்ளேயே மணந்துகொள்ளல் என்றார் அவர். இவ்வொன்றை வைத்துக்கொண்டு அவர் மேலும் செல்லும் வழிதான் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது. ஒரு கூட்டம் தன்னைச் சுற்றி மண வேலி கட்டிக்கொண்டால், அதனுள் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். ஆனால் இறப்பு கணக்குப் பார்த்து வருவதில்லை. கணவன் இறந்தால் மனைவி எஞ்சுகிறாள். அவள் வெளியே மணந்தால் வேலி உடையும். உள்ளேயே மணந்தால் ஒரு கன்னிக்குரிய வரன் குறையும். ஆகவே ஒன்று, அவளைக் கணவன் சிதையிலேயே எரிக்க வேண்டும். அன்றேல், உயிரோடு வைத்துக் கைம்மை நோன்பால் ஒடுக்க வேண்டும். மனைவி இறந்தால் கணவன் எஞ்சுகிறான். அவன் ஆண், உழைப்பாளி, கூட்டத்துக்கு வேண்டியவன், அவனை எரிப்பாரில்லை. அவனுக்கு இன்னும் பருவம் எய்தாத சிறுமியொருத்தியைத் தேடிக் கொடுத்தனர். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் என்னும் மூன்று கொடுமைகளும் தனித்தனியே முளைத்தவையல்ல. ஒரே வேலியைத் தாங்க நட்ட மூன்று முட்டுக்கால்கள். புனிதம், கற்பு, தர்மம் என்ற புகழுரைகள் பின்னர்ப் பூசப்பட்டவை என்பது அவர் முடிபு.

முதலில் வேலி கட்டியவர் புரோகித வகுப்பார். மற்றவரும் கட்டியது ஏன்? இவ்விடத்தில் அவர் துணைக் கொண்டவருள் ஒருவர் கப்ரியேல் தார்த் என்னும் பிரெஞ்சு அறிஞர். நீதிபதியாயிருந்து மனிதர் நடத்தையைக் கூர்ந்து நோக்கிய தார்த், 1890-ல் வெளியிட்ட நூலில், சமூகத்தைப் பிணைப்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தலே என்றார். இது மேலிருந்து கீழே பாயும், நெருங்கியிருப்போரிடம் மிகும், தொலைவிலிருப்போரிடம் குறையும். இவ்விதியை அம்பேத்கர் ஜாதிகளின்மேல் பொருத்தினார். புரோகிதரை ஒட்டி நின்ற ஜாதியார் மூன்று வழக்கங்களையும் கைக்கொண்டனர். அடுத்து நின்றோர் அவற்றுட் சிலவற்றைக் கொண்டனர். மிகத் தொலைவில் நின்றோர் அகமணம் ஒன்றையே கொண்டனர். மதிப்புள்ளவன் செய்வதைச் செய்தால் தமக்கும் மதிப்பு வரும் என்ற ஆசை, வேலிக்குள் வேலியாகத் தேசமெங்கும் பரவியது.

எனினும், பார்த்துச் செய்தல் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நாம் கொள்ளோம். சேரிக்குத் தள்ளப்பட்டவன் எவரைப் பார்த்தும் தன்னைத் தள்ளிக்கொள்ளவில்லை. பிறர் வேலி கட்டியதால் வெளியே நிறுத்தப்பட்டான். தண்ணீரும் நிலமும் மறுக்கப்பட்டது வன்முறையாலேயாம். அம்பேத்கரும் 1936-ல், லாகூர் மகாநாட்டுக்கென எழுதி, அது நடவாதொழிந்தமையால் தாமே அச்சிட்ட பேருரையில், சாஸ்திரங்களின் மீதுள்ள பக்தியைத் தகர்த்தாலன்றி ஜாதி ஒழியாது என்று வற்புறுத்தினார். அவ்வுரை விரைவிலேயே தமிழிலும் வெளிவந்தது.

இனி, சரித்திரத்தைக் கொண்டு இக்கொள்கையைச் சோதிப்போம். 1829-ல் வங்காளத்தில் உடன்கட்டை தடுக்கப்பட்டது. 1856-ல் கைம்பெண் மறுமணம் சட்டத்தின் ஒப்புதல் பெற்றது. 1929-ல் சாரதா சட்டம் குழந்தை மணத்தைக் குற்றமாக்கியது. முட்டுக்கால்கள் ஒவ்வொன்றாகச் சாய்க்கப்பட்டன, வேலி சாய்ந்ததா? இந்தியாவில் 2011-12-ல் எடுத்த ஆய்வொன்றின்படி, ஜாதி கடந்த மணங்கள் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவே. துணைக் கொடுமைகள் தேய்ந்தும் மூலம் நிலைத்திருப்பது, மூலம் இன்னதென்று 1916-ல் சொன்ன இளைஞரின் கணக்கு பிழையன்று என்பதைக் காட்டவில்லையா?

மலாயாவும் ஒரு சோதனைச் சாலையாகவே இருந்தது. ஆதியில் இங்கு வந்த தமிழருள் பெண்கள் மிகச் சிலர். ஆண் பெண் கணக்கு குலைந்த இடத்தில் மண வேலியும் தளர்ந்தது. பின்னர்க் கங்காணிமார் தத்தம் ஊர்களிலிருந்தே குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வந்தனர். பெண் தொகை பெருகியது. பழைய கேள்வியும் கப்பலேறி வந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் இந்நாடு வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பினார். 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. புரோகிதரில்லாத திருமணங்கள் நடந்தன. அவ்வகை மணங்களுக்குத் தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புதல் தந்தது. இவை பெரும் பணிகளே. ஆயினும் புரோகிதரை நீக்கிய பந்தலில் மணமக்கள் இருவரும் ஒரே ஜாதியாராகவே அமர்ந்திருந்தால், முட்டுக்கால் ஒன்றை நீக்கிவிட்டு வேலியைக் காத்தவர்களே ஆவோம்.

பார்த்துச் செய்வதால் பரவியது, பார்த்துச் செய்வதாலேயே ஒழியவும் கூடும். ஊரார் மதிக்கும் ஆசிரியர், சங்கத் தலைவர், தொழிற்சங்கச் செயலாளர் ஆகியோர் வீட்டில் நிகழும் ஒரு கலப்பு மணம் நூறு மேடைப் பேச்சுக்கு ஒப்பாகும். அயல்வீட்டான் அதைக் காண்பான். அவன் மகள் காண்பாள். எனவே பிறருக்கு உபதேசம் செய்யுமுன், நம் பிள்ளைகளுக்கு வரன் வரும் நாளில், “எந்த ஆட்கள்?” என்ற கேள்வி நம் நாவில் எழுகிறதா என்று நாமே கவனிப்போம். எழுந்தால் அதை அங்கேயே அடக்குவோம். நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.