பழவழி விளையாட்டுக் கல்வி
முன்பருவக் குழந்தைகளைச் சிறு குழுக்களாக அமர்த்தி, பழங்களைக் கொண்டு நிறம், வடிவம், எண்ணிக்கை, சுவை ஆகியவற்றை அறியச் செய்யும் முறை. இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளுக்கு இது பெரிதும் பொருந்தும். குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும். கூடினால் பழம் எல்லார் கைக்கும் வராது. விருதுநகர் மாவட்டம் கான்சாபுரம், இராஜபாளையம் வட்டாரத்தில் கோடைக்கு மாம்பழமே கைக்கெட்டும் பாடப்பொருள்: சப்பட்டையையும் பிற ரகங்களையும் பிரித்து அடுக்குதல், கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து பெயர் சொல்லுதல், கொட்டையை ஊன்றி முளைப்பதைக் கவனித்தல். மற்ற மாதங்களுக்கு வாழை, கொய்யா. பிளாஸ்டிக் பழங்கள் மணத்தையோ சுவையையோ கற்பிப்பதில்லை. திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே தரவேண்டும். முழுப்பழம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும்.