மலைநாட்டுக்கு வந்த உப்பு

வயிறு நிரம்புவது வேறு, உடல் நிறைவு பெறுவது வேறு. இவ்வுண்மையை மனித இனம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. சோறும் பருப்பும் உடலுக்கு வலுவூட்டுகின்றன; எனினும், விற்றமின்களும் கனியுப்புக்களும் சிறிதளவேனும் அவற்றோடு சேராவிடின் உடலின் தொழில்கள் செவ்வனே நடைபெறமாட்டா. அந்தச் சிறிதளவு எத்துணைப் பெரிது என்பதைக் கண்டி மலைநாட்டின் உப்பு வரலாறு எடுத்துரைக்கின்றது.

மலைகளே கண்டி இராச்சியத்துக்கு அரணாக விளங்கின. நெல்லும் பாக்கும் மிளகும் அங்கு விளைந்தன. உப்பு மட்டும் விளையவில்லை. 1766 ஆம் ஆண்டு ஒல்லாந்தருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் மன்னன் கீர்த்தி சிறி இராசசிங்கன் கடற்கரை முழுவதையும் இழந்தான். ஆயினும், சிலாபம், புத்தளம் பகுதிகளில் தன் குடிகள் உப்பெடுக்கும் உரிமையை அவன் கைவிடவில்லை. அரசை இழந்தவன் போல் கரையை இழந்தவனுக்கும் உப்பின்றி வாழ முடியாதன்றோ!

அவ்வுப்பை மலைப்பாதை வழியே கொண்டுவந்தவை 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு அணிகள். அவற்றை நடத்தியவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இத்தொழிலுக்கென 'மடிகே பத்த' என்னும் தனிப் பகுதியே கண்டி அரசில் இருந்தது. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் மேலே ஏறின. மடவளை முதலான முஸ்லிம் ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களும் உள்ள இம்மலைச் சீமைக்கு உப்பு என்றால் அது கடலோரத்து உப்பே.

கடலிலிருந்து வந்த அவ்வுப்பிலும் ஒரு குறை இருந்தது. கடல்நீர் வற்றி உப்பாகும்போது அயடீன் என்னும் பொருள் அதில் மிகச் சொற்பமாகவே எஞ்சுகின்றது. கழுத்தின் முன்புறத்திலுள்ள கேடயச் சுரப்பி தன் சுரப்பை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. அது கிட்டாதபோது சுரப்பி பருத்துக் கழுத்துக் கழலையாகின்றது. அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கேடு. கருவுற்ற தாய்க்கு அயடீன் போதாவிடின் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பின்னர் எவ்வளவு ஊட்டினும் அவ்விழப்பை முற்றாக ஈடுசெய்ய இயலாது.

1811 ஆம் ஆண்டு பிரான்சிலே கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலில் அயடீனைக் கண்டறிந்தார். 1820 இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக வழங்கினார். 1917 இல் அமெரிக்காவின் அக்குரோன் நகரில் டேவிட் மரைன் பள்ளி மாணவியருக்கு அயடீன் கொடுத்துக் கழலையைத் தடுக்கலாம் எனக் காட்டத் தொடங்கினார். 1920களில் சுவிற்சர்லாந்தும் அமெரிக்காவும் உப்பில் அயடீன் சேர்க்கும் வழியை மேற்கொண்டன.

இலங்கையில் இந்நோய் மழை மிகுந்த ஈரவலயத்திற் பரவியிருந்ததை 1950களின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. மழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்கின்றது. எஞ்சியதும் மண்ணின் உக்கலோடு பிணைந்து பயிருக்கு எட்டாது போகலாம். கடலுக்கு அண்மையில் வாழ்வதும் காப்பாகவில்லை. 1989 இல் வெளியான ஆய்வொன்றில் பள்ளிச் சிறாருள் 100க்கு ஏறக்குறைய 19 பேருக்குக் கழலை காணப்பட்டது. அவ்வாய்வில் மிகக் கூடிய அளவு பதிவானது மலையிலன்று. கடலோரக் களுத்துறை மாவட்டத்திலேயே.

1995 ஆம் ஆண்டு முதல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையிற் கட்டாயமாயிற்று. அதன்பின் கழலை வெகுவாகக் குறைந்தது. ஊர்தோறும் மருந்து கொண்டு செல்ல வேண்டிய தேவை எழவில்லை. எல்லா வீட்டுக்கும் முன்பே வழி தெரிந்த உப்பே அம்மருந்தைச் சுமந்து சென்றது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்குரோகிராம் மட்டுமே. ஆயுள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டியளவு போதும். ஆயினும் உடல் அதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. நாள்தோறும் கிடைத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் வெயிலும் உப்பிலுள்ள அயடீனைக் குறைப்பன. ஆகவே உப்பை அடுப்பருகே திறந்த பாத்திரத்தில் வையாது மூடிவைத்தலும், கழுவாது பயன்படுத்தலும், கறி வெந்து இறக்கும் தறுவாயில் இடுதலும் நன்று. சட்டம் செய்த நன்மையைக் காக்கும் பொறுப்பு இன்று அடுக்களையையே சார்ந்துள்ளது.