ப்ராக்ஸியா, ஃபயர்வாலா?

சங்கரன் பெரியவரா, நாராயணன் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் வாதாடிய கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் அப்படி ஒரு வாதம் நடந்தது. இன்டர்நெட் இணைப்புக்கு ப்ராக்ஸி சர்வர் வைப்பதா, ஃபயர்வால் வாங்குவதா? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்ததே 1995 ஆகஸ்ட் 15-இல்தான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். ப்ராக்ஸி என்பது கடைக்கு அனுப்பும் ஆள் மாதிரி. உள்ளே இருப்பவர்கள் கேட்டதை அவர் போய் வாங்கி வருவார். அதில் ஒரு பிரதியை வைத்துக்கொள்வார். அடுத்தவர் அதையே கேட்டால் மறுபடி வெளியே போக வேண்டியதில்லை. 1996-இல் வந்த ஸ்குவிட் என்ற மென்பொருள் இந்த வேலையை இலவசமாகவே செய்தது. செலவு குறைவு என்பதால் ப்ராக்ஸி ஜெயித்தது.

ஃபயர்வால் வாசல் காவலாளி. வருவது எங்கிருந்து, போவது எங்கே என்று பார்த்து விடும் அல்லது தடுக்கும். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட 'புழு' ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அதன் பிறகே காவலின் அருமை பலருக்கும் புரிந்தது. ஆனால் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் அமைத்த ஆரம்பகாலக் காவலிலேயே ப்ராக்ஸியும் ஓர் அங்கம். சங்கரநாராயணர் மாதிரி, இரண்டும் சேர்ந்ததுதான் முழு உருவம்.

இரண்டும் இருந்துவிட்டால் போதுமா? 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அப்போது நம் ஊரும் அதே திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் புகுந்ததை அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் ஆலைக்குப் பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது.

ஆளும் காவலாளியும் வாசலோடு சரி. வாசலைத் தாண்டி ஒன்று உள்ளே வந்துவிட்டால், அறைக்கு அறை கதவு இருந்தால்தான் தப்பிக்கலாம். உங்கள் பிள்ளைகள் கடையோ கிளினிக்கோ வைத்திருந்தால் ஒன்று சொல்லுங்கள்: கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கும் வைஃபையோடு சேர்க்க வேண்டாம்.