கத்தரிக்காய்க்குள் ஒரு சரித்திரம்

சரித்திரம் என்றதும் கோட்டையும் கொத்தளமும், முடியும் வாளும்தான் நம் கண்முன் வருகின்றன. அம்மியையும் அடுப்பையும் யாரும் அதில் சேர்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் எளிய வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிடும்வரை.

வீட்டுக்கார அம்மாள் பட்டாசு ஆலையில் புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்து அடைக்கிறவர். பொழுது சாயும் வேளையில் ஆலை வண்டியிலிருந்து இறங்கி வந்தார். நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய், சீயக்காய்த் தூளைப் போட்டுக் கையைத் தேய்க்கத் தொடங்கினார். விரல் இடுக்குகளில் அலுமினியத் தூள் வெள்ளிப் பூச்சுப் போல மின்னிற்று.

“லேசில போகாது, அண்ணாச்சி. நாலு தடவை கழுவினாத்தான் அடுப்படிக்குள்ள போவேன்” என்றார்.

பிறகு சமையல். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கூட இருந்தாள். உள்ளங்கையில் அடங்கும் பிஞ்சுக் கத்தரிக்காய்களைக் காம்பை விட்டுவிட்டு, அடிப்பக்கம் நான்காகக் கீறினார்கள். வத்தல், மல்லி, கடலைப்பருப்பு, நிலக்கடலை, எள் எல்லாவற்றையும் வறுத்து, புளியும் உப்பும் சேர்த்து அம்மியில் கெட்டியாக அரைத்தார் தாய். காய் பிளந்துவிடாமல் அந்த விழுதை உள்ளே அடைக்க வேண்டும். அதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. நல்லெண்ணெய் காய்ந்ததும் காய்களை அடுக்கி, தட்டுப் போட்டு மூடி, தீயைத் தணித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. அவ்வப்போது புரட்டி விட்டதோடு சரி. சோறு, ரசம், இந்தக் கத்தரிக்காய்; சாப்பாடு அவ்வளவுதான்.

காய்க்குள் எதையாவது அடைத்துச் சமைப்பது உலகத்துக்குப் பொதுவான வித்தை. துருக்கியர் அதை ‘தோல்மா’ என்பார்கள். நிரப்பியது என்று பொருள். நம் நாட்டிலும் அது பழையதே. கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்ற நூலில், கத்தரிக்காயைக் குடைந்து, கொத்திய இறைச்சியை மசாலாவோடு அடைத்து எண்ணெயில் பொரிக்கும் முறை வருகிறது. அரண்மனைப் பண்டம்! ஆனால் அந்த அரசன் வத்தலைக் கண்டதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் அது இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல உறைத்த காயை மிளகாய் என்று நம்மவர் அழைத்தார்கள். நிலக்கடலையும் அந்தக் கண்டத்து வரவுதான். மல்லிக்கு மத்தியதரைக் கடல் நாடுகள் பிறந்தகம், புளிக்கு ஆப்பிரிக்கா. கத்தரியும் எள்ளும் நம் நாட்டுக்கு உரியவை. ஆக, வெளியே தெரிவது உள்ளூர். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி வெளியூர்.

இத்தனை சரக்கும் ஓர் ஏழை வீட்டு அம்மிக்கு வந்து சேர்ந்தது எப்படி? அதற்கு விருதுநகருக்குப் போக வேண்டும். விருதுபட்டி என்ற பெயர் இருந்த காலத்திலேயே அது வியாபாரப் பேட்டை. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கே விளைந்த பருத்தியும் வத்தலும் மல்லியும் எள்ளும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் பேட்டைக்குத் துறைமுகமும் பக்கத்தில் வந்துவிட்டது. 1923-ல் ஊர் விருதுநகர் ஆயிற்று. எண்ணெய்க்கும் பருப்புக்கும் வத்தலுக்கும் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பத்திரிகைகள் இன்றும் விலை போடுகின்றன.

அந்த ஊர் வியாபாரிகள் சரக்கின் மேல் மகமை எடுத்துப் பொதுக் காரியங்கள் செய்தார்கள். பெண்களோ, உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். 1889-ல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையை வளர்த்ததில் அந்தப் பிடி அரிசிக்கும் பங்கு உண்டு. காமராஜர் சிறுவனாகப் படித்த பள்ளி அது. அவர் முதலமைச்சராகி 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கினார். அடுப்படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இந்தச் சீமையில் உள்ள உறவு அப்படிப்பட்டது.

சிவகாசி வேறு வழியில் பிழைத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னால் பட்டாசும் சேர்ந்தது. மழை பொய்த்தாலும் சோறு உண்டு என்ற நிலை வந்தது. ஆனால் அந்தச் சோற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் சுமார் 40 பேர் மாண்டார்கள். பகலில் மருந்து அடைத்த கை மாலையில் மசாலா அடைக்க வீடு திரும்புவது, நாம் நினைப்பதுபோல் அத்தனை சாதாரண விஷயம் அல்ல.

இலையில் கத்தரிக்காய் விழுந்தது. இரண்டு காய்கள் மட்டும் பிளந்து, விழுது வெளியே வந்திருந்தன. மகள் வெட்கத்துடன் தலையைக் குனிந்துகொண்டாள். அவை அவள் அடைத்தவை.

“போகப் போகப் பழகிரும்” என்றார் தாய். சற்று நேரம் கழித்து, “மருந்து அடைக்கிற வேலை என்னோட போகட்டும், அண்ணாச்சி. இவ படிக்கட்டும். கத்தரிக்கா அடைக்க மட்டும் என்கிட்டக் கத்துக்கிட்டாப் போதும்” என்றார்.

பிளந்த அந்தக் காயைத்தான் நான் முதலில் எடுத்துச் சாப்பிட்டேன்.