ரத்தம் குடிக்கிற கெளுத்தி அங்கே. நம்ம காவிரிக்கு வந்தது வேற

அமேசான்ல இருக்கிற கண்டிரு பத்திப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. விரல் நீளத்துல, கண்ணாடி மாதிரி ஒரு கெளுத்தி. பெரிய மீனோட செவுளுக்குள்ள புகுந்து ரத்தம் குடிக்கும், ஓரிரு நிமிஷத்துல வெளியே வந்துடும். மனுஷங்க சிறுநீர்ப் பாதையில ஏறும்ங்கிற கதையை 1829-லயே ஜெர்மன் அறிஞர் மார்சியஸ் எழுதிட்டார். அவரும் கேட்ட கதையைத்தான் எழுதினார்.

சேலம், நாமக்கல் பக்கம் நாம பயப்பட வேண்டிய கெளுத்தி வேற. அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. சில செய்திகள்ல தேளின்னும் போடுவாங்க. ரத்தம் குடிக்காது. ஆனா சின்ன மீன், தவளை, நத்தைன்னு கிடைச்சதை எல்லாம் தின்னும்.

இது 1989-ல தாய்லாந்துல இருந்து வங்கதேசத்துக்குப் போச்சு. அங்கிருந்து எந்த அனுமதியும் இல்லாம மேற்கு வங்கம் வழியா இந்தியாவுக்குள்ள வந்தது. வியாபாரத்துல 'தாய் மாகூர்'னு ஒரு நல்ல பேர் வேற! 2000-ல மத்திய அரசு வளர்க்கவே கூடாதுன்னு தடை போட்டது. ஆனாலும் தமிழ்நாட்டுல ரகசியக் குட்டைகளை மீன்வளத்துறை அழிக்கிற செய்தி இன்னும் வந்துட்டுதான் இருக்கு.

ஏன் விட மாட்டேங்கிறாங்க? செவுளோட சேர்த்து, காத்தை நேரா சுவாசிக்க இதுக்குத் தனி உறுப்பு இருக்கு. சாக்கடைத் தண்ணியிலயும் சாகாது. போர் தண்ணி குறைஞ்ச வறண்ட சமவெளியில, கட்லா வளர்க்க முடியாத குட்டையிலயும் மளமளன்னு வளரும். தீவனச் செலவும் கம்மி: கறிக்கடைக் குடல், கோழிக்கழிவு. கடன்ல இருக்கிற ஒரு விவசாயி இதுல இறங்கினா அவரை வில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. குஞ்சு வித்து லாபம் பார்க்கிறவங்க கதை வேற.

ஒரு நல்ல மழை போதும், குட்டை நிரம்பி வழியும். சேலத்துக் கழிவைச் சுமந்துக்கிட்டு ஓடுற திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டம் வழியா காவிரியில சேருது. அந்தத் தண்ணியில நம்ம மீன் திணறும், இது திணறாது. ஈர மண்ணுல ஊர்ந்துகூட அடுத்த தண்ணிக்குப் போயிடும். ராஜஸ்தான்ல பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள்ள புகுந்த இதைப் பிடிச்சு வெளியேத்தவே பெரிய வேலையாப் போச்சு. அது வேலி போட்ட சரணாலயம். காவிரியோ மேட்டூரைத் தாண்டி, பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர்னு போய்க்கிட்டே இருக்கிற ஆறு.