சித்ரா இதய வால்வு

சித்ரா வால்வு என்பது இந்தியாவிலேயே வடிவமைத்துத் தயாரிக்கப்பட்ட செயற்கை இதய வால்வு ஆகும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இது உருவானது.

தேவை

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலுக்குச் செல்லும் இரத்தம் பெருந்தமனி வால்வைக் கடந்தே போக வேண்டும். அது சுருங்கினால் இதயம் அதிக அழுத்தத்துடன் தள்ள, கீழறைச் சுவர் தடிக்கும். சரியாக மூடாவிட்டால் இரத்தம் பின்னோக்கிக் கசிந்து அறை விரியும். இரண்டிலும் முடிவில் இதயம் தளரும். சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதற்கு முக்கியக் காரணம்; அது ஏழை வீடுகளையே அதிகம் தாக்கும். வெளிநாட்டு வால்வின் விலையோ அவர்களுக்கு எட்டாதது.

முயற்சிகள்

இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். உலோகத் தேய்மானம், நீலக்கல் தட்டில் முறிவு எனச் சோதனைகளில் முதல் 3 வடிவங்களும் தோற்றன. கோபால்ட் கலப்புலோகச் சட்டமும் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டும் கொண்ட 4ஆவது வடிவம் வென்றது.

பயன்பாடு

1990 டிசம்பர் 6 அன்று இது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையைச் சேர்ந்த டிடிகே குழுமம் தயாரிப்பை ஏற்றது.

வால்வு பொருத்தியவர் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொண்டு, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இருப்பவருக்கு அறுவையைப் போலவே அருகில் கிடைக்கும் பரிசோதனையும் முக்கியம். அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதை இந்தக் கோணத்திலும் காணலாம்.