ஹெரால்டின் பின் சக்கர ஆட்டம்

சென்ற மாதம் பழைய சினிமா கொட்டகைகளைப் பற்றி எழுதினேன். இந்த முறை கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு உள்ள விஷயம். நம் வயதுக்காரர்களில் பலர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஏறியிருப்பீர்கள், சிலர் ஓட்டியும் இருப்பீர்கள். அந்தக் காரின் பின் சக்கரம் ஏன் அப்படி ஆடியது, அதை நம் ஊர் மெக்கானிக்குகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், கடைசியில் அந்த அமைப்பையே கம்பெனி ஏன் கைவிட்டது என்பதுதான் கதை.

முதலில் ஒரு சொல். சக்கரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு "ஆட்டம் இருக்குங்க" என்பார் பட்டறைக்காரர். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பேசுபவர் "பிளே இருக்கு" என்பார். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பிரெஞ்சில் இதற்கு "ழெ" என்று பெயர். மூன்று மொழியிலும் சொல்லின் பொருள் விளையாட்டுதான்! இயந்திரத்தின் இரண்டு பாகங்களுக்கு நடுவே உள்ள தேவையற்ற இடைவெளியை மூன்று மொழிக்காரர்களும் விளையாட்டு என்றே அழைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு. இன்னொன்றும் உண்டு. பின் ஆக்சிலைப் பிரெஞ்சுக்காரர்கள் "போன் அரியேர்" என்பார்கள், அதாவது பின் பாலம். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை விறைப்பாக நிற்கும் பாலம். ஹெரால்டில் அந்தப் பாலம் நடுவில் மடிந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

சாதாரணக் கார்களில், அம்பாசடர், பியட் எதை எடுத்தாலும், பின்னால் ஒரே குழாய். நடுவில் டிஃபரன்ஷியல், இரு முனையிலும் சக்கரம். மாட்டு வண்டியின் இருசு போலத்தான், உள்ளே பல்சக்கரம் இருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சாயும். இதை மாற்றி, டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு பிணைத்துவிட்டு, இரு பக்கமும் பாதிப் பாதி அச்சு தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும்படி செய்யலாம் என்று 1903-லேயே காப்புரிமை வாங்கியவர் ஆஸ்திரியரான எட்மண்ட் ரும்ப்ளர். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். 1923-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா கம்பெனியில் ஹான்ஸ் லெட்விங்கா இதை வைத்துக் கார் செய்தார். பிறகு ஃபோக்ஸ்வாகன் வண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ 4சிவி, தோஃபின் இரண்டும் இதே வம்சம்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரயம்ப் கம்பெனி 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. அழகான கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஆனால் அழகுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. அவர்களுக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ பட்டறையை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகச் செய்யப்படும் உடல் இனி எளிதில் கிடைக்காது. எனவே பழைய பாணியில் தனிச் சட்டம் போட்டு, அதன் மேல் துண்டு துண்டாகத் தகடுகளைப் போல்ட் போட்டு மாட்டினார்கள். சட்டம் இருந்ததால் டிஃபரன்ஷியலை அதில் பொருத்த முடிந்தது. அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். நான்கு சக்கரமும் தனித்தனியே ஆடும் சிறிய கார் அன்றைய இங்கிலாந்தில் அபூர்வம்.

1961-ல் அது சென்னைக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. வேங்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் என்று அதற்கு முன்பே கார் செய்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஐம்பதுகளின் நடுவில் மூட்டை கட்டிவிட்டதால், கார் வாங்க நினைத்தவருக்கு மூன்றே கடை: கல்கத்தா, பம்பாய், சென்னை. நம் பக்கத்துக்காரர்கள் சென்னைக் காரின் மேல் கொஞ்சம் பாசம் வைத்திருந்தது இயல்பே. 948 சிசி எஞ்சின், ஒரே வீச்சில் தெருவிலேயே திருப்பிவிடலாம், முன்பக்க மூடி முழுதாகத் தூக்கிக்கொள்ளும். டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பினார்கள்.

பட்டறைக்காரர்கள் விரும்பவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, சில வருடங்கள் வாகனப் பழுது பில்கள் என் மேஜைக்கு வந்தன. லாக் புத்தகம், பழைய பாகம் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று, பில் எல்லாம் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். "பின் வீல் பேரிங் மாற்றியது" என்று ஒரு பில் வந்தால், அடுத்த மூன்று மாதத்தில் அதே வண்டிக்கு அதே பில் மறுபடி வரும். கேள்வி கேட்டுக் குறிப்பு எழுதுவது எழுத்தரின் தொழில்தானே. கேட்கப் போன இடத்தில்தான் இந்தச் சங்கதிகளைக் கற்றேன். எங்கள் வண்டிகளைப் பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர், தரையில் குந்தியபடியே எனக்குப் பாடம் எடுத்தார். படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் யோசிப்பார்.

ஹெரால்டைச் சட்டத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின் சக்கரம் இரண்டும் கீழே தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கிவிடும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு ஏதோ உடைந்தது போல இருக்கும். வண்டியை இறக்கினாலும் சக்கரம் நேராகாது. கொஞ்ச தூரம் உருட்டினால்தான் பழைய நிலைக்கு வரும். ஆறு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் இதற்கு நேர்மாறு: சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாயும், டயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். இந்தச் சாய்வைப் பார்த்துவிட்டுப் பேரிங் போய்விட்டது என்று தீர்ப்பெழுதியவர்கள் ஏராளம். சாய்வு வேறு, ஆட்டம் வேறு. சாய்வு அந்தக் காரின் பிறவிக் குணம். ஆட்டம்தான் நோய்.

நோயைப் பார்க்கும் முறை இது. எதிர்ப்பக்க முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியை முட்டு கொடுத்து நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. முதலில் சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், பாதி ஆட்டம் அங்கேயே இருக்கும். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து, மாற்றி மாற்றித் தள்ளி இழுக்க வேண்டும். "டொக் டொக்" என்றால் ஆட்டம் உண்டு. எங்கே என்பதுதான் கேள்வி. இன்னொருவரைப் பின்னால் குனிந்து டிரம்முக்குப் பின்புறமுள்ள தகட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தகடு அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், அல்லது அச்சின் கூம்பு முனையில் ஹப் தளர்ந்திருக்கிறது. தகடும் சேர்ந்து ஆடினால் பேரிங்கின் மேல் பழி இல்லை. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடியில் உள்ள நைலான் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது மேலே ஸ்பிரிங் முனையின் புஷ்.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு வழி வைத்திருந்தார் அந்தப் பெரியவர். ஒருவரை உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்வார். பிரேக் பிடித்தால் டிரம்மும் தகடும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங் பக்கம், மறையாவிட்டால் புஷ் பக்கம். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு ஸ்பானர் தொடவில்லை!

அடுத்து, சக்கரத்தின் முன்னும் பின்னும் கை வைத்து அசைப்பது. அதில் ஆட்டம் தெரிந்தால், சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடித்துவைக்கும் நீளக் கம்பியின் ரப்பர் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். இது தேய்ந்தால் வேகத்தில் வண்டியின் பின்புறம் தானாகத் திசை மாற்றும். பின்னாலிருந்து யாரோ ஸ்டீயரிங் பிடிப்பது போல என்பார்கள் ஓட்டுபவர்கள். அதற்கப்புறம் கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றுவது. "கிளக்" என்ற சத்தம் டிஃபரன்ஷியல் அருகே வந்தால் யூ-ஜாயிண்ட். சக்கரத்தருகே வந்தால் கூம்பு முனையின் சாவி தேய்ந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஆபத்து. அந்த இடத்தில் அச்சு முறிந்தால் சக்கரமே தனியே போய்விடும். ஏனென்றால் அந்த அச்சுக்கு இரட்டை வேலை: சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், அது விலகாமல் தாங்கவும் வேண்டும்.

இத்தனையும் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு டாக்டர் ஹெரால்ட் வைத்திருந்தார். கடலூர்ப் பக்கம் போய்வருவதற்கு அதுதான். வேறு ஊர்ப் பட்டறை ஒன்று அந்த வண்டிக்கு இரண்டு முறை பேரிங் மாற்றியது. சத்தம் நிற்கவில்லை. மூன்றாம் முறை இன்னும் பெரிய பில்லோடு அச்சையே மாற்ற வேண்டும் என்றார்கள். டாக்டரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நேரம், இரவில் வண்டி தேவைப்படலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. நான் பெரியவரை அழைத்துப் போனேன். பிரேக்கை அழுத்தச் சொல்லி ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. இரண்டு நைலான் புஷ், ஒரு போல்ட். மாலைக்குள் வண்டி ஓடியது.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. ஹப்பைக் கழற்ற இந்தக் காருக்கு மிகவும் வலுவான புல்லர் வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் இருக்காது, சுத்தியல்தான் இருக்கும். அடித்துக் கழற்றினால் நல்ல ஹப்பும் கெடும். உள்ளே இருந்த ஊசி உருளைப் பேரிங்குக்குத் தனி உள்வளையம் கிடையாது, நேராக அச்சின் மேலேயே உருளும். அது கெட்டால் அச்சும் சேர்ந்து தேயும், பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. கிரீஸ் போடும் இடத்திலும் நிப்பிள் இருக்காது, ஒரு அடைப்புத்தான் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி, கிரீஸ் அடித்து, மறுபடி அடைக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் காரோடு வந்து வீட்டு அலமாரியில் தூங்கும். பட்டறைக்காரர் கைக்கு அது எப்படிப் போகும்?

அமைப்பிலும் கோளாறு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். அமெரிக்காவில் இதே ஸ்விங் ஆக்சில் போட்ட ஷெவர்லே கார்வேர் காரைத்தான் ரால்ஃப் நாடர் 1965-ல் தம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் பிடித்தார். டிரயம்ப் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஹெரால்டின் பெரியண்ணனான விட்டெஸ் காருக்கு 1968-ல் பின்புறக் கீழ்க்கை சேர்த்துத் திருத்தினார்கள்.

சென்னைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1972-ல் கெசல் என்ற பெயரில் ஹெரால்டை உருமாற்றி விட்டார்கள். எஞ்சின் அதே 948. பின்புறத்தில் மட்டும் ஊசலாட்டம் போய், விறைப்பான பழைய குழாய் ஆக்சில் வந்தது. உலகமெல்லாம் தனித்தனி ஆட்டத்தை நோக்கிப் போனபோது நாம் பின்னோக்கிப் போனோம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. தெருவோரப் பட்டறையில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவர் பழுதுபார்க்க முடிகிற காரைத்தான் இந்த நாட்டில் விற்க முடிந்தது. கம்பெனி அதைப் புரிந்துகொள்ளப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, அவ்வளவுதான்.

கெசலும் 1977-க்கு மேல் நிற்கவில்லை. 1985-ல் அதே கம்பெனி இங்கிலாந்தின் ரோவர் உடலை வாங்கி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் செய்தது. உள்ளே வைத்தது பழைய வேங்கார்டு எஞ்சின். அதன் பின்புறத்திலும் ஒரே பாலம்தான். 1988-ல் கார் வேலை முழுதும் நின்றுபோனது. எங்கள் தெரு டாக்டர் அதற்கு முன்பே ஹெரால்டை விற்றுவிட்டு அம்பாசடருக்கு மாறியிருந்தார்.